வண்டி ஓடுகிறது, வரவு எங்கே? சிவிலைசேஷன் 6 வணிகப் பாதைகளுக்கு ஒரு லாரி ஆபீஸ்காரனின் பிழை நீக்கும் வழிமுறை

சேலம் லீ பஜாரை ஒட்டி எங்கள் குடும்பத்தின் லாரி புக்கிங் ஆபீஸ் இருக்கிறது. பகலில் வெல்லத்துக்கும் மஞ்சளுக்கும் ஜவ்வரிசிக்கும் வண்டி பிடித்துக் கொடுப்பேன். இரவில் கடையைச் சாத்திவிட்டு வந்து, ஊர்களை நிறுவி ஒரு நாட்டை வளர்க்கும் கணினி ஆட்டமான சிவிலைசேஷன் 6 ஆடுவேன். "பகலில் செய்வதையேதான் இரவிலும் செய்கிறீர்கள், பகலில் கூலியாவது வருகிறது" என்பாள் மனைவி. மறுக்க என்னிடம் பதில் இல்லை.

அக்கா வீடு ஏற்காட்டில். அக்கா மகனுக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டதும் நான்தான், அதனால் அவன் ஆட்டத்தில் வரும் எல்லாக் கோளாறுக்கும் நானே பொறுப்பு. ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "மாமா, நான்கு வண்டி ஓடுகிறது. எல்லையில் வைத்த புது ஊர் மட்டும் முப்பது சுற்றாக இரண்டே ஆளோடு கிடக்கிறது. ஆட்டத்திலேயே ஏதோ பழுது போலிருக்கிறது." ஆட்டத்தில் பழுது இல்லை. அவன் வண்டி விட்ட திசைதான் தலைகீழ். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அந்த வாரம் முழுவதும் அவனும் அவன் நண்பர்களும் கேட்ட கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வணிகப் பாதையில் "பழுது" என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை சரக்கு எந்த ஊரில் இறங்குகிறது என்று பார்க்காததால் வருபவை என்று தெரிந்தது.

சொற்களை முதலில் முடிவு செய்துகொள்வோம். திரையில் டிரேடர் என்று வருவதை வண்டி என்கிறேன். டிரேட் ரூட் என்பது பாதை. ஒரு டர்ன் என்பது சுற்று. வண்டி ஒருமுறை போய்த் திரும்புவது, எங்கள் ஆபீஸ் வழக்கப்படி, ஒரு நடை. கட்டடங்களின் பெயர்களைத் திரையில் உள்ளபடியே வைத்துக்கொள்கிறேன். மொழிபெயர்த்தால் நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

வண்டி கட்டவே முடியவில்லை

ஊரின் தயாரிப்புப் பட்டியலில் டிரேடர் இல்லை, அல்லது மங்கலாகத் தெரிகிறது. திரையின் மேல் பட்டையில் பாதைகளுக்கான எண் இருக்கும்; 1/1, 2/3 என்பது போல. பின்னால் இருப்பது உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பாதைகள். அந்த எண் நிரம்பியிருந்தால் புது வண்டி கட்ட முடியாது. உரிமம் இல்லாமல் லாரி வாங்கி என்ன செய்வது?

ஆட்டம் தொடங்கும்போது அந்த எண் சுழியம். கோட் ஆஃப் லாஸ் முடித்து, அடுத்து ஃபாரின் டிரேட் என்ற சிவிக்கை (தொழில்நுட்பம் போலப் படிப்படியாகக் கற்கும் சமூக வளர்ச்சிப் படி) முடித்தால்தான் முதல் பாதை கிடைக்கும். இரண்டாவது கண்டம் ஒன்றைக் கண்டுபிடித்தால் ஃபாரின் டிரேட் கிட்டத்தட்டப் பாதி வழியில் வந்து நிற்கும். ஆகவே தொடக்கத்தில் விடும் ஸ்கவுட்டை (வேவு பார்ப்பவரை) வீட்டைச் சுற்றியே மேயவிடாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் குழப்பம். ஊரைச் சுற்றி வேலைக்கு ஒன்றாகத் தனி வட்டாரங்கள் அமைக்கலாம்; கமர்ஷியல் ஹப் வணிக வட்டாரம், ஹார்பர் துறைமுக வட்டாரம். "கமர்ஷியல் ஹப் கட்டினால் ஒரு பாதை கூடும் என்று படித்தேன், கட்டிவிட்டேன், எண் ஏறவில்லை" என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் படித்தது தவறில்லை, பழையது. 2016இல் வந்த மூல ஆட்டத்தில் கமர்ஷியல் ஹப் அல்லது ஹார்பர் எழுந்தாலே ஒரு பாதை கூடியது. 2018இல் ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் வந்தபோது அந்த உரிமையை உள்ளே கட்டும் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2019இல் வந்த கேதரிங் ஸ்டார்மிலும் அதேதான். ஆகவே ஹப் போதாது, அதற்குள் மார்க்கெட் வேண்டும். ஹார்பர் போதாது, லைட்ஹவுஸ் வேண்டும். காலி மைதானத்துக்குச் சந்தை என்று பெயர்ப்பலகை வைத்தால் யார் மூட்டை இறக்குவார்கள் என்று யோசித்தால், மாற்றம் நியாயமாகவே படுகிறது.

இன்னொன்று: ஒரே ஊரில் மார்க்கெட்டும் லைட்ஹவுஸும் கட்டினால் இரண்டு பாதை கிடைக்காது. ஊருக்கு ஒன்றுதான். பாதை வேண்டும் என்றால் இரண்டாவது கட்டடத்தை வேறு ஊரில் கட்டுங்கள். கொலோசஸ், கிரேட் ஜிம்பாப்வே என்ற இரண்டு அதிசயங்கள் ஆளுக்கு ஒரு பாதை தரும். கொலோசஸ் கட்டினால் வண்டியும் இலவசம். மார்க்கோ போலோ பெருவணிகராக (திரையில் கிரேட் மெர்ச்சன்ட்) கிடைத்தால் அவரும் அப்படியே.

போக வேண்டிய ஊர் பட்டியலில் இல்லை

வண்டி தயார். ஆனால் போகுமிடங்களின் பட்டியலில் நீங்கள் நினைத்த ஊர் இல்லை. இங்கேதான் ஏற்காடு எனக்குக் கைகொடுக்கிறது.

சேலத்தில் எங்கள் மாடியில் நின்றால் சேர்வராயன் மலை எதிரே நிற்கும். கூப்பிட்டால் அக்காவுக்குக் கேட்கும் போலத் தோன்றும். ஆனால் வண்டியில் போக 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்ற வேண்டும். மழையில் மண் சரிந்து அந்தச் சாலையை மூடினால் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரம் ஒன்று, டயருக்குத் தெரியும் தூரம் வேறு. ஆட்டத்திலும் வண்டியின் எட்டும் தூரம் டயர்க் கணக்குதான். தரைவழியில் 15 கட்டங்கள், நீர்வழியில் 30 கட்டங்கள். நடுவில் மலைக் கட்டம் இருந்தால் வண்டி அதைச் சுற்றித்தான் போகும், சுற்றிய கட்டங்களும் கணக்கில் சேரும். வரைபடத்தில் எட்டே கட்டம் தள்ளி இருக்கும் ஊர் எட்டாமல் போவதற்கு இதுவே காரணம்.

தூரத்தை நீட்ட வழி உண்டு: டிரேடிங் போஸ்ட். உங்கள் வண்டி ஓர் ஊருக்கான பாதையை முடித்தால் அந்த ஊரில் உங்களுக்கு ஒரு டிரேடிங் போஸ்ட் அமையும். அடுத்த முறை அந்த ஊரைத் தொட்டுப் போகும் பாதைக்கு அங்கிருந்து தூரம் புதிதாக எண்ணப்படும். தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போகும் லாரி தருமபுரியில் டீசல் போட்டுக்கொண்டு கிளம்புவது போல. ஆகவே தொலைவில் ஒரு பணக்கார ஊர் இருந்தால், முதலில் நடுவழியில் உள்ள ஊருக்கு ஒரு வண்டியை அனுப்பி முடியுங்கள். அது லாபமில்லாத நடை என்று தோன்றும். அடுத்த நூறு சுற்றுக்கான முதலீடு அது. வேற்று நாட்டு ஊரில் உள்ள உங்கள் போஸ்ட்டைக் கடந்து போகும் பாதைக்குத் தங்கம் ஒன்று கூடுதலாகவும் கிடைக்கும்.

ரோமை எடுத்து ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். அவர்கள் நிறுவும், கைப்பற்றும் ஊர்களெல்லாம் போஸ்ட்டோடு பிறக்கின்றன. அக்கா மகனுக்கு முதல் ஆட்டத்துக்கு ரோமைக் கொடுத்தது என் தவறு. அடுத்த ஆட்டத்தில் வேறு நாட்டை எடுத்துக்கொண்டு, "போஸ்ட் எங்கே போயிற்று" என்று ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறான்.

தூரம் சரியாக இருந்தும் ஊர் தெரியவில்லை என்றால் பார்க்க வேண்டியவை வேறு. கடல் தாண்டிய ஊரா? செலஸ்டியல் நேவிகேஷன் என்ற தொழில்நுட்பம் தெரிந்திருந்தால்தான் வண்டி நீரில் இறங்கும்; ஆழ்கடல் கட்டங்களைக் கடக்க கார்ட்டோகிராஃபி என்ற தொழில்நுட்பம் வேண்டும். அந்த நாட்டோடு போரா? அந்த ஊரை உங்கள் ஆட்கள் இன்னும் கண்டுபிடிக்கவே இல்லையா? இந்த ஊரிலிருந்து அதே ஊருக்கு ஏற்கெனவே ஒரு வண்டி ஓடுகிறதா? ஒரே புறப்பாடு, ஒரே சேருமிடம் என்று இரண்டு பாதை போட முடியாது. இரண்டாவதை வேறு ஊரிலிருந்து விடுங்கள். கேதரிங் ஸ்டார்ம் ஆடுபவர்கள் உலக மாமன்றத்தையும் பார்க்க வேண்டும். டிரேட் பாலிசி என்ற தீர்மானத்தின் ஒரு முடிவு, குறிப்பிட்ட நாட்டுக்கு யாரும் பாதை போடக் கூடாது என்று தடுக்கும். நீங்களே அதற்கு வாக்களித்துவிட்டு மறந்திருக்கவும் கூடும். நான் மறந்திருக்கிறேன்.

வண்டி ஓடுகிறது, ஊர் வளரவில்லை

இதுதான் அக்கா மகனின் கோளாறு. சிவிலைசேஷன் 5 ஆடிவிட்டு 6க்கு வருபவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் விழுகிறார்கள்.

5இல், 2013இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கத்தின்படி, சொந்த ஊர்களுக்குள் வண்டி விட்டால் சேருமிடத்துக்குச் சரக்கு போகும். கிரானரி உள்ள ஊரிலிருந்து உணவு, வொர்க்‌ஷாப் உள்ள ஊரிலிருந்து உற்பத்தி. தலைநகரிலிருந்து புது ஊருக்கு வண்டி விட்டால் புது ஊர் வளரும். பெரிய வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போன பிள்ளைக்கு அரிசி மூட்டை ஏற்றி அனுப்புவது போல, மனத்துக்கு இயல்பாகப் படும் கணக்கு.

6இல் அது தலைகீழ். பலன் புறப்படும் ஊருக்கு. நான் இதை லாரிக் கணக்காகத்தான் விளக்குகிறேன். சங்ககிரி லாரி எந்த வடநாட்டுச் சந்தைக்குப் போனாலும் வாடகை சங்ககிரி உரிமையாளருக்கு வருகிறது. சேருமிடம் எவ்வளவு பெரிய சந்தையோ அவ்வளவு நல்ல லோடு. ஆட்டமும் அப்படியே: வண்டியின் சொந்த ஊர்தான் சம்பாதிக்கிறது, எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதைச் சேருமிடத்தில் உள்ள வட்டாரங்கள் முடிவு செய்கின்றன.

எண்களாகப் பார்ப்போம். சொந்த நாட்டுக்குள் ஓடும் பாதைக்கு, சேரும் ஊரின் மையம் 1 உணவும் 1 உற்பத்தியும் தரும். அந்த ஊரின் வட்டாரங்களில் கேம்பஸ், ஹோலி சைட், தியேட்டர் ஸ்கொயர், எண்டர்டெயின்மென்ட் காம்ப்ளெக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 1 உணவு. கமர்ஷியல் ஹப், ஹார்பர், இண்டஸ்ட்ரியல் ஸோன், என்கேம்ப்மென்ட் ஒவ்வொன்றுக்கும் 1 உற்பத்தி. அக்கா மகனின் தலைநகரில் கேம்பஸும் தியேட்டர் ஸ்கொயரும் கமர்ஷியல் ஹப்பும் இண்டஸ்ட்ரியல் ஸோனும் இருந்தன. எல்லை ஊரில் ஒன்றும் இல்லை.

அவன் செய்தது: தலைநகரிலிருந்து எல்லை ஊருக்கு வண்டி. பலன், ஏற்கெனவே கொழுத்திருந்த தலைநகருக்கு 1 உணவு, 1 உற்பத்தி. எல்லை ஊருக்கு ஒன்றும் இல்லை.

செய்திருக்க வேண்டியது: எல்லை ஊரிலிருந்து தலைநகருக்கு வண்டி. பலன், எல்லை ஊருக்கு 3 உணவு, 3 உற்பத்தி. ஓர் ஆள் சுற்றுக்கு 2 உணவு தின்கிறான். ஆக அந்த ஒரு வண்டி ஒன்றரை ஆளுக்குச் சோறு போடுகிறது. 60 உற்பத்தி கேட்கும் மான்யுமென்ட்டை, ஊர் வேறெந்த வேலையும் செய்யாவிட்டாலும், வண்டி மட்டுமே இருபது சுற்றில் கட்டி முடித்துவிடும்.

திருத்துவது எளிது. வண்டி ஓய்வாக நிற்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால், தங்கும் ஊரை மாற்றும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி எல்லை ஊரைச் சொன்னால் வண்டி அங்கே போய்விடும்; நடந்து போக வேண்டியதில்லை. அங்கிருந்து தலைநகருக்குப் பாதை போடுங்கள். புது ஊர் வைத்த கையோடு அங்கே ஒரு வண்டியை மாற்றுவது என் வழக்கம். அந்த ஊருக்கு ஏழெட்டு ஆள் சேர்ந்ததும் வண்டியை அடுத்த புது ஊருக்கு நகர்த்துகிறேன். பொங்கலுக்கு ஒரே தையல் இயந்திரம் தெரு முழுவதும் வீடு வீடாகப் போனதை எங்கள் பாட்டி சொல்வாள், அதே முறை.

இதை எல்லாம் சொன்னதும் அக்கா மகன் கேட்டான்: "அப்படியானால் நான்கு வண்டியையும் எல்லை ஊருக்கு மாற்றி நான்கு பெரிய ஊர்களுக்கு விடலாமா மாமா?" விடலாம். ஆனால் தங்கம் வறண்டுவிடும். அதற்குத்தான் அடுத்தது.

தங்கம் போதவில்லை, அல்லது திடீரென்று சரிந்துவிட்டது

சொந்த ஊர்களுக்குள் ஓடும் வண்டி அடிப்படையில் சோறும் உழைப்பும்தான் கொண்டுவரும், காசு கொண்டுவராது. காசு வேண்டும் என்றால் வெளிநாட்டுப் பாதை. அதில் சேரும் ஊரின் மையத்துக்கு 3 தங்கம், அங்கே கமர்ஷியல் ஹப் இருந்தால் 3, ஹார்பர் இருந்தால் 3. அந்த ஊரின் கேம்பஸ் உங்களுக்கு அறிவியல் ஒன்று, தியேட்டர் ஸ்கொயர் பண்பாடு ஒன்று, ஹோலி சைட் பக்தி ஒன்று தரும். ஆகவே பக்கத்து நாடு எது என்பதைவிட, அந்த நாட்டின் எந்த ஊர் என்பதே முக்கியம். துறைமுகமும் சந்தையும் உள்ள ஊருக்கும், ஒன்றுமில்லாத எல்லைக் கிராமத்துக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். பாதை போடும் திரையில் ஒவ்வோர் ஊருக்கும் எதிரே வரவு எழுதியே இருக்கிறது. படிக்காமல் பட்டியலில் முதல் பெயரை அழுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எதிராளி கிளியோபாட்ராவின் எகிப்து என்றால் அங்கே அனுப்புகிறவருக்கு 2 உணவும் சேரும். அவளுக்கும் 2 தங்கம் போகும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் பாதைக்கும் காசு வரும் ஒரு விதிவிலக்கு உண்டு. அக்பரின் வருவாய் அமைச்சரான ராஜா தோடர் மால் பெருவணிகராகக் கிடைத்தால், சேரும் ஊரின் ஒவ்வொரு சிறப்பு வட்டாரத்துக்கும் அரைத் தங்கம். அரை என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஊருக்கு நான்கு வட்டாரம், ஆறு வண்டி என்றால் சுற்றுக்குப் பன்னிரண்டு.

திடீர்ச் சரிவு என்பது வேறு நோய். நேற்று வரை வந்துகொண்டிருந்த தங்கம் இன்று சட்டென்று குறைந்தால் முதலில் வண்டிகளைப் பார்க்காதீர்கள், அரசாங்கத்தில் நீங்கள் செருகும் கொள்கை அட்டைகளைப் பாருங்கள். காரவான்செரைஸ் அட்டை ஒவ்வொரு பாதைக்கும் 2 தங்கம் தருகிறது. அரசாங்க முறையை மாற்றும்போது அட்டைகளைப் புதிதாக அடுக்குகிறோம். அப்போது அது விடுபட்டிருக்கும். ஆறு பாதை உள்ளவருக்கு ஒரே நாளில் 12 தங்கம் போகும். மெர்க்கன்டிலிசம் என்ற சிவிக் வந்ததும் டிரையாங்குலர் டிரேட் அட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள்; பாதைக்கு 4 தங்கமும் 1 பக்தியும்.

அட்டைகள் சரியாக இருந்தால் சும்மா நிற்கும் வண்டிகளைத் தேடுங்கள். பாதைக்குக் காலம் உண்டு. சாதாரண வேகத்தில் குறைந்தது இருபது சுற்றாவது ஓடி, நடையை முடித்து, வண்டி ஊர் திரும்பி நிற்கும். தானாக மறுபடி கிளம்பாது. ஆட்டம் உங்களைக் கேட்கும். அந்த நேரம் போர் மும்முரத்தில் அதைத் தூங்க வைத்துவிட்டால் அது தூங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆபீஸில் லோடு இல்லாமல் நிற்கும் லாரியின் ஓட்டுநர் மணிக்கு ஒருமுறை வந்து முறைப்பார். ஆட்டத்தில் முறைக்க ஆள் இல்லை.

பாதியில் திருப்பி அழைக்க முடியவில்லை

முடியாது. கிளம்பிய வண்டி கிளம்பியதுதான், காலம் முடியும் வரை அதே பாதை. அழுத்தும் முன் யோசியுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வண்டி காணாமல் போயிற்று

பாலை வழியில் வணிகச் சாத்துகளை மறிக்கும் ஆறலை கள்வரைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. ஆட்டத்தில் அவர்களுக்குப் பெயர் பார்பேரியன்கள். வண்டி நிற்கும் கட்டத்துக்கே வந்து கொள்ளையடிப்பார்கள். போரில் உள்ள எதிரி நாட்டுப் படையும் அதையே செய்யும். கொள்ளை போனால் வண்டி அழிந்துவிடும். அனுமதி எண் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே புது வண்டி கட்டலாம், தங்கம் கொடுத்தும் வாங்கலாம். ஆனால் தொடக்கத்தில் 40 உற்பத்திக்கு வந்த வண்டி, ஆட்டம் வளர வளர விலை ஏறும். உப்பு விற்கப் போன உமணர் வண்டியின் அடியில் சேம அச்சு (உதிரி அச்சு) ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். நான் ஒரு வண்டி விலைக்கான தங்கத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

வண்டியோடு கூடவே காவல் அனுப்ப எல்லாருக்கும் ஆசை வரும். வண்டி தன் போக்கில் போகும், உங்கள் படைவீரனுக்காகக் காத்திருக்காது. நான் சொல்வது வேறு: பார்பேரியன் முகாம்கள் யார் கண்ணும் படாத இருட்டுக் கட்டங்களில்தான் முளைக்கும். பாதை ஓரத்தில் ஒரு குன்றின் மேல் பழைய வாரியர் ஒருவரை நிறுத்திவிட்டால், அவர் கண்ணுக்குத் தெரியும் கட்டங்களில் முகாம் வராது. சண்டையே போட வேண்டாம், பார்த்துக்கொண்டு நின்றால் போதும். காலம் கடந்துபோன, வேறெதற்கும் உதவாத படைகளுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

கொள்ளை நடந்ததற்கான செய்தியே வராமல் பாதை அறுந்திருந்தால், போர் மூண்டிருக்கிறது என்று பொருள். போர் தொடங்கும் கணமே அந்த நாட்டோடு உள்ள பாதைகள் அறுந்துபோகும். இதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். நகர அரசுகள், அதாவது ஒற்றை ஊராக இருக்கும் சின்ன நாடுகள், தம் மேலாதிக்க நாட்டைப் பின்பற்றிப் போருக்கு வரும். நீங்கள் ஒரு நாட்டின் மேல் போர் தொடுத்தால், அந்த நாட்டின் கைக்குள் இருக்கும் மூன்று நகர அரசுகளுக்கு ஓடிய உங்கள் வண்டிகளும் அன்றே நிற்கும். ஒருமுறை எனக்கு ஏழு பாதையில் ஐந்து ஒரே சுற்றில் போயின. போர் தொடுக்கும் முன் நகர அரசுகளின் பட்டியலைத் திறந்து, யார் யாருக்குக் கீழ் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலை வரவில்லை

இந்த ஆட்டத்தில் பில்டர் என்ற கட்டுமானத் தொழிலாளி சாலை போட மாட்டார். வண்டி போகும் தடமே சாலையாகிறது, தரைக் கட்டங்களில் மட்டும். கடல் வழியாகப் போன பாதை ஒரு முழம் சாலையும் தராது. பக்கத்தில் இருக்கும் ஊராக இருந்தும் சாலை இல்லை என்றால் வண்டி ஏரியையோ கடலோரத்தையோ பிடித்துப் போயிருக்கும். யுகம் மாற மாறச் சாலை தானே தரம் உயரும்; கிளாசிகல் யுகச் சாலையில் ஆற்றுக்குப் பாலம் வந்துவிடும். பின்னாளில் மிலிட்டரி எஞ்சினியர் வந்து சாலை போடுவார், ஆனால் அதுவரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

1820களில் காபி ஏற்காட்டுக்கு வந்தது. மூட்டை மலையிலிருந்து இறங்க வேண்டியிருந்தால்தான் யாரும் மலையில் சாலை போடுவார்கள். அதனால் இந்த விதி எனக்கு அந்நியமாகப் படவில்லை. இதைப் படையெடுப்புக்கும் பயன்படுத்தலாம். எதிரி எல்லைக்கு அருகில் உங்கள் ஊருக்கோ நடுநிலை நகர அரசுக்கோ ஒரு பாதை விட்டால், வருமானம் சொற்பமாக இருந்தாலும், கவண் பொறிகள் காட்டிலும் மேட்டிலும் மாட்டிக்கொள்ளாமல் போய்ச்சேரும்.

நான் பரப்பாத மதம் என் ஊரில் இருக்கிறது

வண்டி மூட்டையோடு மதத்தையும் ஏற்றிச்செல்லும். பாதை இணைக்கும் ஊர்களுக்கு இடையே மத அழுத்தம் இரு பக்கமும் பாயும். உங்கள் புனித ஊரிலிருந்து வெளியே விட்டால் உங்களுக்கு ஆதாயம். மதம் ஊன்றாத சின்ன ஊரிலிருந்து வேறொருவரின் புனித ஊருக்கு விட்டால் அவருக்கு. தங்கத்துக்காக அப்படி விட்டுவிட்டு, பிறகு மதம் பரப்பும் அப்போஸ்தலர்களைப் பக்தி கொடுத்து வாங்கிச் சரிசெய்தால் கணக்கு உதைக்கும்.

இவற்றில் எதிலும் அடங்காத கோளாறோடு அக்கா மகன் கூப்பிட்டால் நான் மூன்றுதான் கேட்பேன். முகப்புத் திரையில் எந்த விரிவாக்கத்தின் பெயர் இருக்கிறது, வண்டி எந்த ஊரில் தங்கியிருக்கிறது, எத்தனையாவது சுற்று. கடந்த வாரம் மூன்றாவது கேள்விக்கு "412, மாமா" என்றான். மணி ஒன்றரை. மறுநாள் அவனுக்குத் தேர்வு. ஆட்டத்தைச் சேமித்துவிட்டு அணைக்கச் சொன்னேன். பிறகு என்னுடையதையும் அணைத்தேன், அதற்கு இன்னும் பத்துச் சுற்று ஆயிற்று.